அவள் கையிலிருக்கும் கைப்பேசியைப் பிடுங்காதீர்கள்

பிரசவத்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்பிய பெண்ணின் வீட்டாருக்கு,



உங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி, வயிற்றிலேயே மூச்சடங்கிப்போன பிள்ளையைப் பெற்றுவிட்டு, அல்லது பிறந்த சில மணி நேரத்தில் பறிகொடுத்துவிட்டு, மருத்துவமனையிலிருந்து வந்திருக்கிறாள். நீங்கள் அவளுக்குப் பத்தியச் சாப்பாடு ஆக்கிப்போடுகிறீர்கள், வெந்நீர் வைத்துக் கொடுக்கிறீர்கள், அவள் காதில் விழாதபடி அடுத்த அறையில் அழுகிறீர்கள். அவளோ உங்களிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. இரவு எல்லோரும் படுத்த பிறகு கைப்பேசியை எடுத்துக்கொண்டு, முன்பின் பார்த்திராத பெண்களோடு பேசிக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருக்கிறாள். அந்தப் பெண்களும் அவளைப் போலப் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள். இதைக் கண்டதும் உங்களுக்குக் கவலை வருகிறது. கவலைக்கு அடியில் ஒரு வருத்தமும் இருக்கிறது. வீட்டில் இத்தனை பேர் இருக்க, முகம் தெரியாதவர்களிடம் போய் அழுவானேன் என்று கேட்கிறீர்கள். போனை வாங்கி வைத்துவிட்டால் தூங்குவாள், தூங்கினால் மறப்பாள் என்று யாராவது ஒருவர் சொல்லியும் இருப்பார். அப்படிச் செய்துவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். அவளுக்கு வேண்டியிருக்கும் ஆறுதலில் ஒரு பங்கை, எவ்வளவு பாசம் இருந்தாலும், உங்களால் கொடுக்க முடியாது. அதே இழப்பைப் பட்டவர்கள்தான் அதைக் கொடுக்க முடியும். அவர்களை அவள் சந்திக்கக்கூடிய இடம் இன்றைக்குப் பெரும்பாலும் அந்தக் கைப்பேசிதான். நான் சொல்ல வருவது இவ்வளவே. ஏன் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுத இடம் கொடுங்கள்.

முதலில், இது எங்கோ யாருக்கோ நடக்கும் அபூர்வம் என்ற எண்ணத்தை விட்டுவிடுவோம். கருவுற்று 28 வாரத்துக்குப் பிறகு உயிரற்றுப் பிறக்கும் குழந்தைகளை மட்டும் கணக்கில் எடுத்து ஐ.நா. அமைப்புகள் 2020இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. 2019ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 20 லட்சம் குழந்தைகள் இப்படி இறந்தே பிறந்தார்கள். அதில் சுமார் 3 லட்சத்து 40 ஆயிரம் பேர் இந்தியாவில். வேறெந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை. 28 வாரத்துக்கு முன் கலைந்த கருவும், பிறந்த பின் சில நாளில் இறந்த குழந்தைகளும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். தாய்மார்களின் நிலை என்ன? 2016இல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரைத் தொடர், இப்படியொரு பிரசவத்தைக் கண்டபின் மனச்சோர்வோடு வாழும் பெண்கள் உலகில் 42 லட்சம் பேர் இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அதே ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 609 தாய்மார்களிடம், பிரசவம் நடந்து ஒன்பது மாதம் கழித்து எடுத்த ஆய்வொன்று வெளிவந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்படும் வாய்ப்பு மற்ற தாய்மார்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்காகவும், பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனவடுவின் அறிகுறிகள் ஏழு மடங்காகவும் இருந்தன. ஒன்பது மாதம் கழித்து! நம் வீடுகளில் அதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது என்று தீர்மானித்து, அடுத்த பிள்ளையைப் பற்றிய பேச்சையே ஆரம்பித்திருப்போம்.

நம் சமூகத்துக்குத் துக்கம் கொண்டாடத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு பெரியவர் இறந்தால் ஊரே வந்து நிற்கிறது. பால் தெளிப்பு, எட்டாம் துக்கம், பதினாறாம் நாள் காரியம், ஆண்டுத் திவசம் என்று, இழந்தவர் எந்த நாளில் என்ன செய்ய வேண்டும், யார் வந்து பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதையெல்லாம் வகுத்து வைத்திருக்கிறோம். சாதிக்குச் சாதி, மதத்துக்கு மதம் முறை மாறும். துக்கத்துக்கு ஒரு இடமும் காலமும் கொடுப்பது மட்டும் மாறுவதில்லை. ஆனால் இறந்தே பிறந்த பிள்ளைக்கு இந்த ஏற்பாட்டில் பெரும்பாலும் பங்கில்லை. அப்பாவோ தாத்தாவோ துணியில் சுற்றி எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டு வருகிறார். தாய்க்கு முகத்தைக்கூடக் காட்டாமல் விட்டுவிடுவது உண்டு. பார்த்தால் தாங்கமாட்டாள் என்ற இரக்கத்தால்தான். அவள் வீடு திரும்புவதற்குள் தொட்டில் சேலையும் வாங்கி வைத்த சட்டைகளும் கண்மறைவாகப் போய்விடுகின்றன. வளைகாப்பில் இரண்டு கையும் நிறைய வளையல் போட்டுவிட்ட சொந்தபந்தம் இப்போது எதைக் கேட்பது என்று தெரியாமல் எட்டிப்பார்க்கவே தயங்குகிறது. பிள்ளை இல்லை என்பது உடம்புக்கு மட்டும் தெரிவதில்லை. இரண்டு மூன்று நாளில் மார்பில் பால் கட்டிக்கொள்கிறது. இழந்தது உண்மை, உடம்பே சாட்சி. ஆனால் அதைச் சொல்லி அழ ஒரு நாளோ இடமோ சடங்கோ அவளுக்குக் கொடுக்கப்படவில்லை. அவள் ஏன் இரவைத் தேர்ந்தெடுக்கிறாள் என்பதை இங்கிருந்துதான் புரிந்துகொள்ள வேண்டும்.

நாங்கள் ஆறுதல் சொல்லத்தானே செய்கிறோம் என்பீர்கள். சொல்கிறீர்கள், மனதாரச் சொல்கிறீர்கள். ஆனால் சொல்லப்படும் வாக்கியங்களை அவள் இடத்திலிருந்து கேட்டுப்பாருங்கள். "வயசு இருக்கு, அடுத்தது பொறக்கும்" என்கிறீர்கள். இந்தப் பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை ஈடு என்று அவள் காதில் விழுகிறது. "உயிரோட பொறந்து குறையோட கிடந்தா என்ன பண்ணுவே, கடவுள் காப்பாத்தினார்" என்கிறீர்கள். தன் பிள்ளையின் சாவுக்கு அவள் நன்றி சொல்ல வேண்டியதாகிறது. இவற்றைவிடக் கொடியவை கேள்வி வடிவில் வருபவை: பப்பாளி சாப்பிட்டாயா, வண்டியில் போனாயா, கிரகணத்தன்று வெளியே வந்தாயா, குடம் தூக்கினாயா? நஞ்சுக்கொடியின் கோளாறு, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, நோய்த்தொற்று, குழந்தையின் வளர்ச்சித் தடை, பிரசவ நேரத்தில் ஏற்படும் சிக்கல் என்று மருத்துவம் காரணங்களைப் பட்டியலிடுகிறது; பல சமயம் காரணமே பிடிபடாமலும் போகிறது. அந்த வெற்றிடத்தில் முதலில் வந்து உட்காருவது தாயின் குற்றவுணர்ச்சிதான். ஒரு கேள்வி போதும், அவள் அதை வைத்துக்கொண்டு ஆயிரம் இரவு தன்னைத்தானே விசாரிப்பாள். நீங்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. நீங்களும் இழந்தவர்கள்: பேரனையோ பேத்தியையோ, தங்கை மகனையோ, உங்கள் சொந்தப் பிள்ளையையோ. அவள் சீக்கிரம் தேறிவிட வேண்டும் என்பது உங்களுடைய தேவையும்கூட. அவளுக்கு அது தெரியும். தெரிவதால்தான் உங்கள் முன்னால் தேறிவிட்டதுபோல் நடந்துகொள்கிறாள். உங்கள் முகம் வாடுவதைப் பார்க்கத் திராணியில்லாமல் தன் அழுகையை அடக்குகிறாள். அன்பு மிகுந்த வீட்டில்தான் இது அதிகம் நடக்கும்.

அப்படியென்றால் யார் முன்னால் அவள் அடக்காமல் அழ முடியும்? இந்தக் கேள்விக்குச் சென்ற நூற்றாண்டின் அனுபவம் தெளிவான விடை தருகிறது. 1968இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகர மருத்துவமனை ஒன்றில் சிறுவர்கள் இருவர் அடுத்தடுத்து இறந்தார்கள். அங்கே துணை மதகுருவாகப் பணியாற்றிய சைமன் ஸ்டீஃபன்ஸ், ஆறுதல் சொல்வதையே தொழிலாகக் கொண்டவர், ஒன்றைக் கவனித்தார்: அந்தப் பெற்றோர்கள் ஒருவருக்கொருவர் தந்துகொண்ட ஆறுதல் தன்னால் தர முடிந்ததைவிட ஆழமாக இருந்தது. அதிலிருந்து 1969இல் பிறந்ததுதான், பிள்ளையை இழந்த பெற்றோருக்கான 'கம்பாஷனேட் ஃபிரெண்ட்ஸ்' அமைப்பு. பிறகு அது பல நாடுகளுக்குப் பரவியது. அதற்குச் சற்று முன்னால், 1967இல், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபிலிஸ் சில்வர்மன் என்ற ஆய்வாளர், புதிதாகக் கணவனை இழந்த பெண்ணிடம் சில ஆண்டுகளுக்கு முன் கணவனை இழந்த பெண்ணையே அனுப்பிப் பார்த்தார். மருத்துவரையோ சமூகப் பணியாளரையோ உள்ளே விடாத கதவுகள் அந்தப் பெண்களுக்குத் திறந்தன. இறந்தே பிறந்த குழந்தைகளின் பெற்றோருக்கென்று பிரிட்டனில் 'சாண்ட்ஸ்' என்ற அமைப்பு 1978இல் தொடங்கியதும் இதே வழியில்தான். பட்டவர் பட்டவரிடம் பேசும்போது விளக்கவுரை தேவைப்படுவதில்லை. எதிரே இருப்பவர் இதைக் கடந்து இன்னும் சாப்பிடுகிறார், தூங்குகிறார், எப்போதாவது சிரிக்கிறார் என்பதைப் பார்ப்பதே புதிதாக இழந்தவருக்குப் பெரிய செய்தி. அந்தச் செய்தியை வேறு யாராலும் கொண்டுவர முடியாது.

இது வெள்ளைக்காரர்களின் வழக்கம், நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் நம் ஒப்பாரியை நினைத்துப்பார்க்க வேண்டும். துக்க வீட்டில் பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு பாடி அழுகிறார்களே, அவர்கள் யாருக்காக அழுகிறார்கள்? மானுடவியலாளர் இசபெல் கிளார்க்-டெசே தமிழ்நாட்டு இறப்புப் பாடல்களை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட நூலில் காட்டுவது, நம் பாட்டிமார்கள் சாதாரணமாகவே அறிந்திருந்த ஒன்றைத்தான்: அங்கே அழும் ஒவ்வொருத்தியும் தன் இழப்பையும் தன் பாட்டையும் சொல்லித்தான் அழுகிறாள். பத்து வருடத்துக்கு முன் போன அண்ணனை, கட்டிக்கொடுத்த இடத்தில் பட்ட பாட்டை, தாயில்லாத குறையை அவள் பக்கத்து வீட்டுச் சாவில் பாடித் தீர்க்கிறாள். அதை யாரும் குற்றம் சொல்வதில்லை. புதிதாக இழந்தவள் தன்னைச் சுற்றிப் பழைய காயங்கள் இத்தனை இருப்பதைக் கேட்கிறாள். தனக்கு நேர்ந்தது தனக்கு மட்டும் நேர்ந்ததில்லை என்று அறிகிறாள். ஒப்பாரியின் வேலையில் பாதி அதுதான். நகரத்து அடுக்குமாடிகளில் ஒப்பாரி குறைந்துவிட்டது. கிராமத்திலும் இறந்தே பிறந்த பிள்ளைக்கு யாரும் ஒப்பாரி வைத்துப் பாடுவதைக் காண்பது அரிது. உங்கள் வீட்டுப் பெண் கைப்பேசியில் தேடிக்கொண்டிருப்பது அந்த வட்டத்தைத்தான். அது நம்முடையதுதான், அவளுடைய பிள்ளைக்கு மட்டும் நாம் கூட்டாமல் விட்டோம்.

அடுத்த தெருவிலேயே அப்படிப்பட்ட பெண்கள் இருப்பார்களே, நேரில் பேசலாமே என்று கேட்கலாம். இருப்பார்கள், எண்ணிக்கையைப் பார்த்தால் நிச்சயம் இருப்பார்கள். ஆனால் யார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மறைக்கச் சொல்லி மறைத்த இழப்பு அது. கணவனை இழந்தவளை ஊர் அறியும். பிள்ளையை இப்படி இழந்தவளை அவள் வீட்டுச் சுவர்தான் அறியும். சுவருக்குள் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க இணையம் வழி செய்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர் கேத்தரின் கோல்டும் அவருடைய குழுவும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், கருவையோ குழந்தையையோ இழந்து இணையக் குழுக்களில் பேசிவந்த சுமார் ஆயிரம் பெண்களிடம் ஏன் அங்கே வருகிறார்கள் என்று கேட்டார்கள். தனக்கு மட்டும் நேரவில்லை என்ற தெளிவு, தன் துக்கத்தைத் துக்கம் என்று ஒப்புக்கொள்ளும் மனிதர்கள், எந்த நேரத்திலும் போக முடிவது, பெயரையும் முகத்தையும் மறைத்துக்கொள்ள முடிவது ஆகியவை அவர்கள் சொன்ன காரணங்கள். பதிலளித்தவர்களில் பெரும்பாலோர் அமெரிக்க வெள்ளையினப் பெண்கள். நம் வீடுகளுக்கு அது அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் பெயரையும் முகத்தையும் மறைக்க முடிவதும், நள்ளிரவில் பதில் கிடைப்பதும் கூட்டுக்குடும்பத்தில் வாழும் பெண்ணுக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படும் என்று நினைக்கவே இடம் இருக்கிறது.

அங்கே நடப்பது வெறும் அழுகை என்றும் எண்ண வேண்டாம். கட்டிக்கொண்ட பாலை என்ன செய்வது, உதிரப்போக்கு எவ்வளவு நாள் இருக்கும், குழந்தை ஏன் இறந்தது என்று மருத்துவரிடம் எந்தப் பரிசோதனையைக் கேட்க வேண்டும், வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் "குழந்தை எப்படி இருக்கு?" என்று கேட்பவரிடம் என்ன சொல்வது, நாத்தனாரின் வளைகாப்புக்குப் போகத்தான் வேண்டுமா, எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால் இறந்த பிள்ளையைச் சேர்த்துச் சொல்லலாமா என்பவையெல்லாம் அங்கே பேசப்படும் விஷயங்கள். இதில் சிலவற்றை ஒரு காலத்தில் வீட்டுப் பெண்களே சொல்லிக்கொடுத்தார்கள். பால் வற்ற மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவது நம் பாட்டிமார்களின் கைவைத்தியம். அது உண்மையிலேயே பால் சுரப்பைக் குறைக்கிறது என்று 1988இல் ஒரு மருத்துவ இதழில் ஆய்வே வெளிவந்தது. அப்படியொரு கைவைத்தியம் உண்டானதே, அது தேவைப்பட்ட தாய்மார்கள் நம்மிடம் எப்போதும் இருந்தார்கள் என்பதற்குச் சான்று. அன்று கிணற்றடியில் கைமாறிய அறிவு இன்று கைப்பேசியில் கைமாறுகிறது.

இனி உங்கள் மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது, பேசப் பேசத் துக்கம் பெருகும் என்பது. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. நாள் முழுவதும் ஒன்றையே நினைத்துச் சுழன்றுகொண்டிருப்பது மனதை ஆற்றாது, ஆறவிடாமலும் செய்யும். ஆனால் துக்கத்தை ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபேயும் ஹெங்க் ஷூட்டும் 1999இல் முன்வைத்த விளக்கம் நமக்கு உதவும். இழந்தவரின் மனம் இரண்டு பக்கமும் போய்வர வேண்டும் என்கிறார்கள் அவர்கள். ஒரு பக்கம் இழப்பை முகத்துக்கு நேராகப் பார்ப்பது. இன்னொரு பக்கம் சமையல், வேலை, உறவு என்று வாழ்க்கையைத் திரும்பக் கட்டுவது. ஒரு பக்கத்திலேயே தங்கிவிடுவதுதான் கெடுதல். நம் வீடுகள் பெண்ணை இரண்டாவது பக்கத்துக்கே தள்ளிக்கொண்டிருக்கின்றன. முதல் பக்கத்துக்குப் போக அவளுக்கு இருப்பது அந்த இரவு நேரம் மட்டும். எனவே அவள் போனில் எவ்வளவு நேரம் இருக்கிறாள் என்று அளக்காதீர்கள். அங்கிருந்து திரும்பி வருகிறாளா என்று பாருங்கள். பேசி முடித்துவிட்டுச் சற்றே தூங்குகிறாள், மறுநாள் ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிடுகிறாள், எப்போதாவது உங்களிடமே ஒரு வார்த்தை அதிகம் பேசுகிறாள் என்றால் அந்த வட்டம் அவளுக்கு நல்லது செய்கிறது. வாரக்கணக்கில் இரவு பகலாக அதிலேயே கிடந்து, ஒவ்வொரு முறையும் முன்னைவிட உடைந்துபோய் வருகிறாள் என்றால் அது வேறு. அப்போது போனைப் பிடுங்குவதால் பயனில்லை, மனநல மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும்.

இரண்டாவது மறுப்பு, வீட்டு விஷயம் வெளியே போகிறது, முகம் தெரியாதவர்களை எப்படி நம்புவது என்பது. ஏமாற்றுக்காரர்கள் இல்லை என்று நான் வாதிட மாட்டேன். துக்கத்தில் இருப்பவரைத் தேடி வருபவர்கள் எப்போதும் உண்டு. அடுத்த பிள்ளை நிச்சயம் தங்கும் என்று லேகியம் விற்பவர், தோஷம் கழிக்கிறேன் என்று பணம் கேட்பவர், கண்ணீர்க் கதையைச் சொல்லி உதவி கேட்பவர் எல்லோரும் அந்த வழியாகவும் நுழையலாம். அதற்குச் செய்ய வேண்டியது எச்சரிக்கை. யாருக்கும் பணம் அனுப்பக் கூடாது. முகவரி, மருத்துவ அறிக்கை, புகைப்படம் பகிரக் கூடாது. மருந்து பற்றிய எந்த யோசனையையும் தன் மருத்துவரிடம் கேட்காமல் பின்பற்றக் கூடாது. குழுவைப் பொறுப்போடு கவனித்து, விற்பனையையும் வசையையும் அகற்றும் ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்த்துச் சேர வேண்டும். நல்ல குழுக்களில் மறுபடி கருவுற்றவர்கள் பேசத் தனி இடம் ஒதுக்கியிருப்பார்கள், புதிதாக இழந்தவர் மனம் புண்படக் கூடாது என்பதற்காக. இந்த அடையாளங்களை அவளுக்குச் சொல்லுங்கள். அதற்கு மேல் காவல் நிற்காதீர்கள். வீட்டு விஷயம் என்கிறீர்களே, எந்த விஷயம்? பிள்ளை இறந்தது அவமானமான செய்தி என்று நாம் நினைத்தால்தான் அதை மறைக்க வேண்டும். அவமானம் எதுவும் நடக்கவில்லை. முகம் தெரியாதவர் என்பதிலும் ஒரு நன்மை இருக்கிறது: அவருக்கு இந்த வீட்டின் வாரிசைப் பற்றிய எதிர்பார்ப்பு இல்லை, தான் அழுவதைப் பார்த்து அவர் உடைந்துபோவார் என்ற பயம் அவளுக்கும் இல்லை.

மூன்றாவது மறுப்பை உங்களைவிட மருத்துவர்கள் அதிகம் எழுப்புவார்கள்: இதற்கெல்லாம் உறுதியான சான்று உண்டா? நியாயமான கேள்வி. குழந்தையை இழந்த குடும்பங்களுக்குத் தரப்படும் ஆதரவு முறைகளைப் பற்றி மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013இல் செய்த மறுஆய்வு, எந்த முறையையும் உறுதியாகப் பரிந்துரைக்கும் அளவுக்குத் தரமான சோதனைகள் இல்லை என்றே முடித்தது. ஆனால் சான்று இல்லை என்ற முடிவு இணையக் குழுக்களுக்கு எதிராக மட்டும் நிற்பதில்லை; நாம் நம்பிக்கொண்டிருக்கும் மௌனத்துக்கும் எதிராக நிற்கிறது. பேசாமல் இருந்தால் ஆறிவிடும் என்பதற்கு எந்தச் சான்று இருக்கிறது? பக்கத்திலிருக்கும் துறைகளில் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சிண்டி-லீ டென்னிஸ் குழுவினர், பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வரும் அபாயம் அதிகமுள்ள 701 தாய்மார்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அதே அனுபவத்தைக் கடந்த சாதாரணத் தாய்மார்களைத் தொலைபேசியில் பேச வைத்தார்கள். 12 வாரத்தில் அந்தப் பிரிவில் மனச்சோர்வு அறிகுறிகள் ஏறத்தாழப் பாதியாக இருந்தன. 2009இல் வெளிவந்த முடிவு இது. கோவாவில் 280 கர்ப்பிணிகளிடம், அக்கம்பக்கத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து நடத்திய சோதனை 2019இல் வெளிவந்தது. பயன் அவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும் பயன் இருந்தது. இரண்டும் பிள்ளையை இழந்தவர்களைப் பற்றியவை இல்லை. ஆனாலும் ஒரு சாதாரணப் பெண் இன்னொரு பெண்ணைத் தாங்க முடியும் என்பதற்கு அவை சாட்சி; முகம் பார்க்காமல் குரலால் மட்டும்கூட முடியும் என்பதற்கு முதலாவது சாட்சி.

தாங்க முடியும் என்பது வேறு, குணப்படுத்த முடியும் என்பது வேறு. இந்த வேறுபாட்டை அந்தக் குழுக்களில் இருப்பவர்களும் மறக்கக் கூடாது. வாழப் பிடிக்கவில்லை என்று அவள் சொன்னாலோ எழுதினாலோ, பல நாள் தூக்கமும் உணவும் இல்லாமல் போனாலோ, இல்லாத குழந்தையின் அழுகைக் குரல் விடாமல் கேட்பதாகச் சொன்னாலோ, மாதங்கள் கடந்தும் அன்றாட வேலை எதுவும் முடியாமல் கிடந்தாலோ, அவளுக்கு மருத்துவம் தேவை. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் 'டெலி-மானஸ்' மனநல உதவி எண்ணான 14416ஐ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். சக தாயின் ஆறுதலும் மருத்துவரின் சிகிச்சையும் ஒன்றின் இடத்தை இன்னொன்று பிடிக்கும் போட்டியாளர்கள் இல்லை. மருத்துவரிடம் போ, நானும் போனேன் என்று ஒரு சக தாய் சொன்ன பிறகு சிகிச்சைக்குச் சம்மதிக்கும் பெண்ணும் இருப்பாள்.

நான்காவதாக ஒரு குறையும் உண்டு. அதை நானே சொல்லிவிடுகிறேன். இந்த ஆறுதல் எல்லாப் பெண்களுக்கும் எட்டவில்லை. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தாங்களே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருந்த இந்தியப் பெண்கள் 54 சதவீதம்தான். இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்கள் மூவரில் ஒருவர். பலருக்குக் கணவனோடு பொதுவான போன். எழுதியதை யார் படிப்பார்களோ என்ற அச்சம். இத்தகைய குழுக்களில் பெரியவையும் நீண்ட காலம் நிலைத்தவையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இயங்குபவை. மதுரைக்குப் பக்கத்துக் கிராமத்திலோ கிளிநொச்சியிலோ இருப்பவளுக்கு அந்த வாசல் திறந்திருந்தும் அடைத்ததற்குச் சமம். இந்தக் குறை வாசலை மூடுவதற்குக் காரணமாகாது, அகலப்படுத்துவதற்குக் காரணம். எழுதத் தயங்குபவள்கூடக் குரல்பதிவில் பேசுவாள். பட்டு மீண்ட பெண்களில் இயன்றவர்கள் தமிழில் சிறு குழுக்களாகச் சேரட்டும். பிரசவ மருத்துவமனைகளும் கிராமச் செவிலியர்களும் வீட்டுக்குத் திரும்பும் தாயிடம் அப்படியொரு குழு இருப்பதைச் சொல்லட்டும். பிள்ளையின் அப்பாவையும் மறந்துவிட வேண்டாம். அவரிடம் எல்லோரும் கேட்பது "அவ எப்படி இருக்கா?" என்பதைத்தான். நீ எப்படி இருக்கிறாய் என்று அவரைக் கேட்க இன்னொரு அப்பா வேண்டியிருக்கிறது.

அப்படியென்றால் எங்களுக்கு இதில் வேலையே இல்லையா என்று கேட்காதீர்கள். நிறைய இருக்கிறது, அதைக் கைப்பேசியால் செய்ய முடியாது. சட்டைகளையும் தொட்டில் சேலையையும் அப்புறப்படுத்தும் முன் அவளைக் கேளுங்கள். பிள்ளைக்கு அவள் மனதில் ஒரு பெயர் இருந்தால் அந்தப் பெயரை நீங்களும் சொல்லுங்கள். அடுத்தது எப்போது என்ற கேள்வியை வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால் நீங்களே தடுங்கள். பப்பாளியையும் கிரகணத்தையும் யாராவது எடுத்தால் மருத்துவக் காரணத்தைச் சொல்லி வாயை அடையுங்கள். பிள்ளை பிறந்த தேதியை ஆண்டுதோறும் நினைவில் வையுங்கள். அவள் வேலைக்குப் போகிறவளாக இருந்தால் அவளுடைய உரிமையைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள்: கரு கலைந்தால் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்பது 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்திலேயே வந்த உரிமை, குழந்தை இறந்து பிறந்தாலோ பிறந்தவுடன் இறந்தாலோ மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்கு 60 நாள் சிறப்பு விடுப்பு என்று 2022 செப்டம்பரில் ஆணை வந்தது. ஒரு நாட்டின் சட்டம் அது துக்கம்தான் என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. வீடும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவள் உங்களை விட்டுவிட்டு அந்நியர்களிடம் போய்விட்டதாக எண்ணி மனம் நோகாதீர்கள். தன் பிள்ளையைப் பற்றிப் பேச அவளுக்குத் துணிச்சல் வேண்டியிருக்கிறது. தன் பேச்சைக் கேட்டு அதிர்ச்சியடையாத, அறிவுரை சொல்லாத காதுகளிடம் அதைப் பழகிக்கொள்கிறாள். பழகிய பிறகு ஒருநாள் அவள் உங்களிடமும் பேசக்கூடும். அன்றைக்கு அவள் எதிர்பார்ப்பது நீங்கள் பதில் சொல்வதை இல்லை, கேட்பதை. அதற்குள் நீங்கள் செய்ய வேண்டியவை இரண்டு: அந்தக் கைப்பேசியை அவள் கையிலேயே விட்டுவையுங்கள், அந்தப் பெண்கள் அவளிடம் என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்த்து, அவர்களைப் போலக் கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

அன்புடனும் உரிமையுடனும்,
உங்கள் வீட்டுப் பெண்ணின் நலம் நாடும் ஒருத்தி